சாயங்கால வடையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 172 செ.மீ., எடை 82 கிலோ. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, வீடு தாம்பரத்தில். மனைவி வங்கியில் இருக்கிறார். பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 4. காலை 6.40-க்குக் கம்பெனி பஸ் என்பதால் காபி மட்டும் குடித்துவிட்டு ஓடுவேன். 10 மணிக்கு டீ, நான்கு பிஸ்கட். மதியம் 12.30-க்குக் கேன்டீன் சாப்பாடு, 3 மணிக்கு மறுபடி டீ. ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீயும் இரண்டு வடையும். எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வீட்டுக்கு வர 7.45 ஆகும். பிள்ளைகள் 8 மணிக்குச் சாப்பிடுவார்கள். வீட்டுப்பாடம், தூங்க வைப்பது எல்லாம் முடிந்து நானும் மனைவியும் சாப்பிட 9.45. நான்கு தோசை, கூடவே பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது. மாதம் இரண்டு முறை நண்பர்களோடு பீர். போன வாரம் எடுத்த டெஸ்டில் எச்பிஏ1சி 6.1, டிரைகிளிசரைடு 238, இடுப்பு 99 செ.மீ., ஸ்கேனில் கிரேடு 1 கொழுப்பு ஈரல். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். சோற்றை நிறுத்தவா? ராத்திரி சப்பாத்தியா? சிறுதானியமா? புரோட்டீன் பவுடர் தேவையா? அசைவம் சாப்பிடுவோம். எனக்கென்று தனிச் சமையல் செய்ய வீட்டில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பதில்: சோற்றை நிறுத்த வேண்டாம். முதலில் மாற வேண்டியது ஷிப்ட் முடிந்ததும் நீங்கள் குடிக்கிற டீயும், கூட வருகிற வடையும். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டின் நேரம். இந்த இரண்டும் நகர்ந்தால் மற்றவை பாதிக்குமேல் தாமாக நகரும்.

உங்கள் ரிப்போர்ட்டை முதலில் படித்துவிடுவோம். எச்பிஏ1சி என்பது இரண்டு, மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரி; அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு, அதாவது இரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு, 150-க்குள் இருக்க வேண்டும், 200-ஐத் தாண்டினால் அதிகம். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கொழுப்பு ஈரலையும் சேர்த்து இந்த நான்கும் நான்கு வியாதிகள் அல்ல. செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் கொஞ்சம் ஈரலிலேயே தங்குகிறது, கொஞ்சம் இரத்தத்தில் டிரைகிளிசரைடாகச் சுற்றுகிறது, மிச்சம் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. ‘கொழுப்பு அதிகம்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பலரும் முட்டையை நிறுத்திவிட்டு, டீயில் போடும் சர்க்கரையை அப்படியே விட்டுவிடுவார்கள். டிரைகிளிசரைடை ஏற்றுவதில் முன்னால் நிற்பவை சர்க்கரை, மைதா, அளவு மீறிய சோறு, மது. முட்டையை நிறுத்த வேண்டாம். சொல்லப்போனால் கூட்டவே சொல்லப் போகிறேன்.

உங்கள் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எழுந்ததிலிருந்து 12.30 வரை காபிப் பால், டீப் பால், பிஸ்கட் எல்லாம் சேர்த்து 6 அல்லது 7 கிராம் புரதம்தான் உள்ளே போகிறது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் நாளுக்கு 65 கிராம் வேண்டும். அந்தப் பற்றாக்குறையோடு கேன்டீனுக்குள் நுழைந்தால் கை தானாகச் சோற்றுக்குத்தான் போகும். நான்கு கப் காபி, டீயில் எட்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. பிஸ்கட்டில் இருப்பது இந்தக் கணக்கில் இல்லை.

ஷிப்ட் முடிந்த பசி

மதியம் 12.30-க்குச் சாப்பிட்டவருக்கு 5 மணிக்குப் பசிப்பது நியாயம். அந்தப் பசிக்கு வடை பதில் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். கடை வடை ஒன்றுக்கு 120 முதல் 150 கலோரி. இரண்டு வடை, சர்க்கரை போட்ட டீ என்று முந்நூற்றைம்பதை நெருங்கிவிடும். உளுந்தோ கடலைப்பருப்போ இருந்தாலும் அதில் கணிசமான பங்கு எண்ணெய், அதுவும் காலையிலிருந்து காய்ந்த எண்ணெய். பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும்போது மறுபடி பசிக்கும். வீட்டுக்குள் வந்ததும் மிக்சர் டப்பா திறக்கும். 9.45-க்கு நான்கு தோசை போதாது என்று தோன்றும். இரவில் அளவு மீறுவதைத் தீர்மானிப்பது இந்த 5 மணிதான். ராத்திரி மனதைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்வதில் பலன் இல்லை.

அந்த நேரத்துக்கு ஒரு சின்ன டப்பா பையில் இருக்கட்டும். வறுத்த வேர்க்கடலை 25 கிராம் (ஒரு கைப்பிடி), தோலுடன் வறுத்த உப்புக்கடலை 25 கிராம். இரண்டும் சேர்ந்து சுமார் 235 கலோரி, 11 கிராம் புரதம். கூடவே ஒரு கொய்யா அல்லது ஒரு சின்ன வாழைப்பழம். மென்று தின்ன பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷமே பாதிப் பசியை அடக்கும். பாக்கெட்டோடு கொண்டுபோகாதீர்கள். 200 கிராம் பாக்கெட் பஸ்ஸில் திறந்தால் தாம்பரம் வருவதற்குள் காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து சின்ன டப்பாவில் அளந்து போட்டுவிடுங்கள். காரம் போட்ட மசாலாக் கடலை வேண்டாம், அதில் மாவும் எண்ணெயும்தான் கூடுதல்.

சுண்டல் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். காலை 6.30-க்குப் பையில் வைத்த ஈரச் சுண்டல் நம் வெயிலில் 5 மணிவரை தாங்காது. தேங்காய் போட்டிருந்தால் மதியத்திலேயே கொழகொழத்துப் புளித்த வாடை வந்துவிடும். ஆகவே 5 மணிக்கு உலர்ந்தது மட்டும். சுண்டலுக்கு மதியத்தில் வேலை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

டீயைப் பொறுத்தவரை ‘சர்க்கரை கம்மி’ என்று சொன்னால் மாஸ்டர் ஒன்றரை ஸ்பூன் போடுவார். ‘வித்தவுட்’ என்று கேளுங்கள். கம்பெனியில் மெஷின் டீ என்றால் கவனம். பல மெஷின்களில் ஊற்றும் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கும், சர்க்கரை இல்லாத பொத்தான் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே பிளாக் டீ. இரண்டு ஸ்பூனிலிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போனால் மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடுவீர்கள். நான்கு நாளுக்கு அரை ஸ்பூன் என்று குறையுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி என்று மாற்றினால் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது.

காலையில் நான்கு நிமிஷம்

6.40 பஸ்ஸைப் பிடிக்கிறவரிடம் இட்லி, சட்னி என்று பேசுவது வீண். இரண்டு அவித்த முட்டை போதும், 12 கிராம் புரதம். முதல்நாள் இரவே அவித்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் கொதித்ததிலிருந்து 10 நிமிஷம், உடனே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் வரும், ஓடும் ஒட்டிக்கொண்டு வரும். ஓடு உடையாத முட்டை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். உரித்ததை அன்றே சாப்பிட வேண்டும். முட்டையை வீட்டிலேயே, மிளகுத்தூள் தூவி, நின்றுகொண்டாவது சாப்பிட்டுவிடுங்கள். பஸ்ஸில் டப்பாவைத் திறந்தால் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார், இரண்டாம் நாளே நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். ஒரு வாழைப்பழத்தை மட்டும் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்று முட்டை சேர்க்காத நாளுக்குப் பொட்டுக்கடலை மோர். வாரத்துக்கு வேண்டிய பொட்டுக்கடலையைச் சீரகத்தோடு மிக்சியில் பொடித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நான்கு மேசைக்கரண்டிப் பொடியை (ஏறக்குறைய 40 கிராம்) முதலில் ஒரு கரண்டி மோரில் விழுது போலக் குழைத்து, பிறகு மீதி மோரை ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். 100 கிராம் தயிரை 200 மி.லி. மோராக்கிச் செய்தால் 11 கிராம் புரதம் கிடைக்கும். கடையில் விற்கும் சத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலும் அது தானியமாவுதான். சர்க்கரையும் பாலும் ஊற்றிக் கஞ்சியாகக் குடித்தால் உங்களுக்கு உதவாது.

10 மணி பிஸ்கட்டை முட்டை சாப்பிட்ட நாளில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

கேன்டீன் தட்டு

இங்கே வரிசைதான் முக்கியம். காயும் பருப்பும் முதலில் வயிற்றுக்குள் போய்ச் சோறு பின்னால் போனால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. தட்டில் பொரியலும் கூட்டும் முதலில் வாங்குங்கள், இரண்டும் இரண்டு கரண்டி. சோறு ஒரு கப், சாம்பாருக்கு. பிறகு அரை கப், தயிருக்கு. ரசத்தைச் சோறில்லாமல் டம்ளரில் குடித்துவிடுங்கள். கேன்டீன் சாம்பாரில் பருப்பு அடியில்தான் கிடக்கும், கரண்டியை அடிவரை விட்டு எடுத்துப் போடச் சொல்லுங்கள். அப்பளம் வேண்டாம். ஒரு கப் என்பது சமைத்த சோறு 150 கிராம், சுமார் 200 கலோரி. எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வீட்டில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டால் கண் பழகிவிடும்.

கேன்டீனில் புரதம் குறைவு என்பதை அங்கே யாரோடும் சண்டை போட்டுச் சரிசெய்ய முடியாது. அதற்குத்தான் சுண்டல். சனி இரவு 250 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள், 10 முதல் 12 மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலைக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும் அளவு புதுத் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, குக்கரில் 5 அல்லது 6 விசில். வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம் தாளித்துப் புரட்டுங்கள். தேங்காய், வெங்காயம், மாங்காய் எதுவும் வேண்டாம். இப்போது பலரும் தவறு செய்யும் இடம் வருகிறது. சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி தண்ணீராகிக் கடலை மேல் இறங்கும், இரண்டே நாளில் நூல் விடும். தாம்பாளத்தில் பரப்பி 20 நிமிஷம் ஆறவிட்டு, பிறகு ஐந்து டப்பா. திங்கள், செவ்வாய்க்கு ஃபிரிட்ஜில். மற்ற மூன்றும் ஃப்ரீசரில்.

ஃப்ரீசர் டப்பாவைக் காலையில் அப்படியே கல் போலப் பையில் போடுங்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் இளகிவிடும், அதுவரை கெடாது. ஃபிரிட்ஜில் இருந்த டப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கம்பெனியில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் சித்திரை, வைகாசியில் ஐந்தையும் ஃப்ரீசரிலேயே வைத்துவிடுங்கள். ஒரு டப்பாவில் 50 கிராம் உலர்ந்த கடலைக்குச் சமமானது இருக்கும், 9 கிராம் புரதம். எலுமிச்சை பிழிவது சாப்பிடும்போது. முதல் வாரம் பாதி டப்பா போதும். வயிறு பழகாமல் முழு அளவு சாப்பிட்டால் வாயு பிடித்துக்கொண்டு, கடலையே ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த ஞாயிறு வேலை, அதாவது கடலை, முட்டை, டப்பா, கீழே வரும் அடை மாவு எல்லாம் உங்களுடையது. ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் பதிலை மனைவியிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரும் வேலைக்குப் போய்வருகிறவர். இரவு 9.45-க்குச் சாப்பிடுகிறவர் நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். அவருடைய சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

8 மணிக்கு ஒரே பந்தி

7.45-க்கு வீடு வருகிறீர்கள், பிள்ளைகள் 8 மணிக்குச் சாப்பிடுகிறார்கள். அப்போதே நீங்களும் உட்காருங்கள். கைகால் கழுவ 10 நிமிஷம் போதும், குளியலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். 9.45-க்குச் சாப்பிட்டு 10.30-க்குப் படுத்தால், உண்ட மாவுச்சத்துக்கு உடம்பில் வேலையே இல்லை, நெஞ்செரிச்சலும் சேரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இடைவெளி வேண்டும் என்பதை வேறு எந்த ஏற்பாட்டாலும் உங்களால் சாதிக்க முடியாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியோடு நிம்மதியாகப் பேசும் நேரம் போய்விடுமே என்று இருக்கும். பேச்சு இருக்கட்டும், தோசைதான் வேண்டாம். வேண்டுமானால் சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர் பால்.

சேர்ந்து உட்கார்ந்தால் மிச்சத் தட்டுப் பிரச்சினையும் தீரும். சின்னவன் ஒரு தோசையில் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு விளிம்பை விடுவான், பெரியவள் நெய்ச்சோற்றில் நான்கு வாய் விடுவாள். அடுக்களையில் நின்றபடியே அது உங்கள் வாய்க்குள் போகும், சாப்பிட்ட கணக்கில் வராது. இது நாளுக்கு 150 முதல் 200 கலோரி, மாதத்துக்கு 4,500-க்குக் குறையாது. அப்பாக்கள் உணவுக் குறிப்பு எழுதித் தரும்போது இந்த வரி ஒருபோதும் இருக்காது, நீங்கள் எழுதியிருப்பது நல்ல விஷயம். சோற்றை வீணாக்கக் கூடாது என்ற மனசு சரி. அதைப் பரிமாறும்போதே காட்டுங்கள். நான்கு வயதுக்காரனுக்கு முதலில் அரைத் தோசை, அதையும் கீற்றுகளாக நறுக்கி. முடித்துவிட்டுக் கேட்டால் அடுத்த அரை. சோறு என்றால் மூன்று மேசைக்கரண்டி. கை படாதது ஃபிரிட்ஜுக்குப் போகும். கை பட்டது குப்பைக்கோ செடித் தொட்டிக்கோ போகட்டும், உங்கள் வயிறு மூன்றாவது தொட்டி அல்ல.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்றால், எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிடுங்கள்: தோசை என்றால் இரண்டு, இட்லி மூன்று, சப்பாத்தி இரண்டு, சோறு ஒரு கப். இதற்குமேல் பசித்தால் பருப்பு, காய், முட்டை, மீன் எவ்வளவு வேண்டுமானாலும். எட்டு வயதுக்காரி முன்னால் நீங்கள் பீன்ஸ் பொரியலை முதலில் எடுத்துச் சாப்பிடுவது, அவளிடம் ‘காய் சாப்பிடு’ என்று பத்து முறை சொல்வதைவிட வேலை செய்யும்.

மூன்று மாற்றங்களை வீட்டுச் சமையலிலேயே செய்யலாம், தனிச் சமையல் இல்லை. ஒன்று, சாம்பாருக்குப் பருப்பு. நான்கு பேருக்கு ஒரு பிடி துவரம்பருப்பு போட்டுத் தண்ணீராக வைத்தால் ஆளுக்கு 2 கிராம் புரதம்தான் வரும். 120 முதல் 150 கிராம் போடுங்கள், அப்போது 7 கிராமை எட்டும். இரண்டு, இட்லி மாவு. வழக்கமான நாலுக்கு ஒன்றை மூன்றுக்கு ஒன்று ஆக்குங்கள். இட்லி கெடாது. தோசை கொஞ்சம் மெத்தென்று வரும், மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கல் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிதாக இழுக்க வேண்டும்.

மூன்றாவது அடை, வாரம் இரண்டு இரவு. இட்லி அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, உளுந்து கால், பாசிப்பருப்பு கால். மிளகாய் வற்றல் ஐந்தாறு சேர்த்து நான்கு மணி நேரம் ஊறவைத்து, சோம்பு, உப்பு, பெருங்காயம் போட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள். புளிக்க விட வேண்டியதில்லை. நைசாக அரைத்தால் அடை ரப்பர் போல ஆகும், நடுவில் வேகாது. மாவு ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அதற்குமேல் புளித்துவிடும். ஆகவே ஞாயிறு அரைத்தால் திங்கள், செவ்வாய். வார்க்கும்போது முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, அடைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய், நடுவில் ஒரு ஓட்டை, மூடி போட்டு மிதமான தீ. இரண்டு அடைக்கே வயிறு நிறையும். பிள்ளைகளுக்குத் தனியாகக் காரம் குறைக்க வேண்டுமென்றால் மிளகாயை இரண்டாக்கிவிட்டு, உங்கள் அடைக்குத் தட்டில் மிளகாய்ப்பொடி.

மீனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டிரைகிளிசரைடுக்கு மத்தி, அயிலை, நெத்திலி போன்ற கொழுப்புள்ள சின்ன மீன் நல்லது. விலையும் வஞ்சிரத்தில் பாதி இருக்காது. ஞாயிறு வாங்கிச் சுத்தம் செய்து, மசாலா தடவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் வையுங்கள். புதன் காலை ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் இரவு 10 நிமிஷத்தில் குழம்பு கொதிக்கும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் சொன்ன பலன் போய்விடும்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளோடு கீழே இறங்கி 15 நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில், அதிகாலை எழுந்து நடப்பதைவிட இதற்குப் பலன் அதிகம்.

உங்கள் மற்ற கேள்விகள்

சப்பாத்தியா சோறா? 30 கிராம் மாவில் செய்த சப்பாத்தி ஒன்று ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் ஒன்றுதான். சப்பாத்திக்கு எண்ணிக்கை உண்டு, சோற்றுக்கு இல்லை என்பது மட்டுமே அதன் அனுகூலம். ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால் அந்த அனுகூலமும் இல்லை.

சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். சாமைச் சோறு ஒரு கப் சாப்பிட்டால் நல்லது. ‘சிறுதானியம்தானே’ என்று ஐந்து தோசை சாப்பிட்டால் பலன் இல்லை. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரை வேகமாகவே ஏறும், அதைச் சர்க்கரை நோயாளியின் உணவு என்று கொடுப்பது வழக்கமாகிவிட்ட ஒரு தவறு. அடையாகவோ ரொட்டியாகவோ, கீரை சேர்த்துச் செய்யுங்கள்.

புரோட்டீன் பவுடர் தேவையில்லை. மேலே சொன்னதைக் கூட்டினால் முட்டை 12, சுண்டல் 9, மாலைக் கடலை 11, மதியமும் இரவும் பருப்பு, தயிர், சோறு, தோசை சேர்த்து 35 என்று தாராளமாக வருகிறது. அந்தப் பணத்தில் மீன் வாங்குங்கள்.

பீரை இந்த மூன்று மாதம் முழுவதுமாக விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு தடவைதானே என்று தோன்றும். ஈரலில் கொழுப்பு இருக்கும்போது மது டிரைகிளிசரைடை நேராக ஏற்றும், கூட வரும் சில்லி சிக்கனும் வறுத்த முந்திரியும் தனிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட வேண்டாம். காலையில் பூரி, மதியம் பிரியாணி, மாலையில் பஜ்ஜி என்று ஒரே நாளில் மூன்றும் சேர்வதுதான் பிரச்சினை. பிரியாணி உள்ள நாளில் காலை முட்டையும் பழமும், தட்டில் கறி அதிகம், சோறு ஒன்றரை கப், தயிர்ப் பச்சடி ஒரு கிண்ணம் நிறைய.

சமையல் எண்ணெய்க்கு ஒரு சுலபமான கணக்கு: நான்கு பேர் உள்ள உங்கள் வீட்டில் மாதம் இரண்டு லிட்டரோடு முடிய வேண்டும். மூன்றாவது லிட்டர் பிரிக்கிறீர்கள் என்றால் பொரிப்பது கூடுகிறது என்று அர்த்தம்.

மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? 4 முதல் 6 கிலோ குறைந்தால் ஈரலிலும் இரத்தத்திலும் மாற்றம் தெளிவாகத் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குமேல் துரத்த வேண்டாம். எடை நகராத வாரங்களும் வரும், அப்போது விட்டுவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு நடத்தி 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல நோயின் விளிம்பில் இருந்தவர்களில் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு, மாற்றாதவர்களோடு ஒப்பிட்டால் நோய் வரும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே இது நடந்தது. அதனால் தராசைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, மூச்சை வெளியே விட்ட பிறகு, 15 நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். பேண்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலான ஆண்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர்கள்.

எச்பிஏ1சி முந்தைய இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆறாவது வாரமே அவசரப்பட்டு எடுத்துக் காசை வீணாக்க வேண்டாம், டாக்டர் சொன்ன மூன்று மாதம் கழித்தே எடுங்கள். டிரைகிளிசரைடு அப்படியல்ல, சில வாரங்களிலேயே இறங்கும். அதே காரணத்தால் முதல் நாள் இரவுக் கல்யாண விருந்திலும் ஏறும். இரத்தம் கொடுப்பதற்கு முன் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, காபியும் சேர்த்துத்தான். இடையில் தாகம் கூடி, இரவில் அடிக்கடி சிறுநீர் போய், எடை தானாக வேகமாக இறங்கினால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். அடுத்த முடிவு 6.5-ஐத் தொட்டாலும் அவரிடம்தான் போக வேண்டும், மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.